எம்.வி.பி. 06 கல்லூரி பேஸ்பால்: ஈர்ப்பா, வெறும் ‘டிங்’ சத்தமா?

ஒமாஹாவாசி:
பழைய விளையாட்டுகளைப் பற்றிய இன்னோர் இழையில் பழையகன்சோல் என்ற அறிஞர் நேற்று இப்படித் திருவாய் மலர்ந்திருக்கிறார்: “2006 ஜனவரியில் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் விற்ற கல்லூரி பேஸ்பால் வீடியோ விளையாட்டான எம்.வி.பி. 06, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலான பெரிய லீக்கை வைத்து முந்தைய ஆண்டு அவர்களே விற்ற எம்.வி.பி. 2005-தான். வீரர்களின் பெயரை உரித்துவிட்டு, பேட்டுக்கு ஒரு ‘டிங்’ சத்தத்தைப் பூசினார்கள். இதை இன்றும் கொண்டாடுகிறவர்களுக்குப் பேஸ்பாலும் தெரியாது, வீடியோ கேமும் தெரியாது.”

அங்கே பதில் எழுதினால் இழை திசைமாறுகிறது என்று அழுவார். அதனால் தனி இழை.

ஐயா, அந்த ‘டிங்’ அலுமினிய பேட்டின் ஓசை. கல்லூரி பேஸ்பாலில் 1974-இலிருந்து அலுமினிய பேட் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மர பேட் உடைந்துகொண்டே இருக்கும், கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகாது என்பதுதான் காரணம். அந்த ஒரு முடிவு ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிட்டது. ஒமாஹா நகரில் பட்டத்துக்காக நடக்கும் கல்லூரி உலகத் தொடரின் 1998 இறுதி ஆட்டத்தில் தெற்கு கலிஃபோர்னியா அணி அரிசோனா ஸ்டேட்டை எத்தனைக்கு எத்தனை என்று வென்றது தெரியுமா? 21-14. பேஸ்பாலில்! எந்த முன்னிலையும் பத்திரமில்லை என்கிற அந்தப் பதற்றம்தான் இந்த விளையாட்டின் ஈர்ப்பு. உங்களுக்கு அது ‘சத்தம்’ என்று மட்டும் கேட்டிருந்தால் பழுது தொலைக்காட்சியில் இல்லை.

பழையகன்சோல்:
என்னை அறிஞர் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. 1998 இறுதி ஆட்டத்தைப் பற்றி நான் எங்கே பேசினேன்? 2006-இல் விற்ற ஒரு விளையாட்டுத் தட்டைப் பற்றிப் பேசினேன். உண்மையான கல்லூரி பேஸ்பாலில் அலுமினிய பேட் என்ன செய்தது என்பது வேறு, அந்தத் தட்டுக்குள் என்ன இருந்தது என்பது வேறு. உள்ளே இருந்தது ஒரே ஓர் ஒலிக் கோப்பு. எம்.வி.பி. 2005-க்குக் கணினிப் பதிப்பு இருக்கிறது. ரசிகர்கள் அணி, சீருடை, மைதானம் என்று எல்லாவற்றையும் அதில் மாற்றியிருக்கிறார்கள். அங்கே அந்த ஒலியை மாற்றிவிட்டால் உங்கள் ‘ஈர்ப்பு’ இலவசமாகக் கிடைத்துவிடும்.

கல்லூரி விளையாட்டு கணினிக்கு வரவே இல்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், அவ்வளவுதான். 2007 பதிப்பு பிளேஸ்டேஷன் 2-க்கு மட்டும். தயாரித்தவர்களுக்கே இல்லாத நம்பிக்கை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஒமாஹாவாசி:
ஒரே ஓர் ஒலிக் கோப்பாம்! விளையாடினீர்களா, அட்டையைப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்களா?

நிதானம்:
ஒரு சிறு கேள்வி. இருவரும் ‘ஈர்ப்பு’ என்று எதைச் சொல்கிறீர்கள்? முதல் மாதம் விளையாடத் தூண்டுவதா, பல ஆண்டுகள் கழித்தும் மனத்தில் நிற்பதா? அதைத் தீர்மானித்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

பழையகன்சோல்:
விளையாடினேன். அதனால்தான் சொல்கிறேன். ஒலிக் கோப்பு.

பேட்டன்ரூஜ்_அக்கா:
தம்பிகளா, உலோக பேட்டின் சத்தத்தை இவ்வளவு இளக்காரமாகப் பேசாதீர்கள். 1996 இறுதி ஆட்டம். எங்கள் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி மயாமியிடம் ஒரு ரன் பின்தங்கியிருக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸ், இருவர் அவுட், மூன்றாம் தளத்தில் ஒருவர். மணிக்கட்டு எலும்பு முறிந்து அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை வெளியே உட்கார்ந்து கழித்த வாரன் மோரிஸ் வருகிறார். முதல் பந்து. வலப்பக்கச் சுவரைத் தாண்டியது. 9-8. அந்தப் பருவம் முழுவதிலும் அவர் அடித்த ஒரே ஹோம் ரன் அதுதான். பேட்டில் பந்து பட்ட அந்த ஓசையைக் கேட்டவர்களுக்கு ‘ஒலிக் கோப்பு’ என்று எழுத விரல் வராது.

ஆஸ்டின்_பன்ட்:
வந்துவிட்டார்கள். எந்த இழையைத் திறந்தாலும் 1996.

பேட்தான் எல்லாம் என்கிறவர்களுக்கு ஒரு சேதி. 2005-இல் டெக்சாஸ் பட்டம் வென்றபோது எங்கள் பயிற்சியாளர் ஆகி கரிடோ. பேட்டை அசையாமல் பிடித்துப் பந்தைக் காலடியில் சாகவிடும் பன்ட் ஆட்டத்தை அவர் எப்படி வழிபட்டார் என்று ஊருக்கே தெரியும். முன்பு ஃபுல்லர்ட்டன் கல்லூரி அணியில் மூன்று பட்டம், டெக்சாஸில் இரண்டு. கையில் அலுமினியம் இருந்தும் பன்ட் ஆடச் சொன்னவர். அந்தப் பட்டம் முடிந்த கையோடுதான் இந்த விளையாட்டு கடைக்கு வந்தது. நான் அதில் ஆட்டத்துக்கு மூன்று நான்கு பன்ட் ஆடுவேன். பன்ட் ஆடும்போது எந்த ‘டிங்’கும் கேட்காது. ஈர்ப்பு மட்டும் குறையவே இல்லை.

பேட்டன்ரூஜ்_அக்கா:
முதல் இன்னிங்ஸிலேயே பன்ட் ஆடி அவுட்டைத் தானம் கொடுக்கும் அணியின் ரசிகரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? 1997-இல் எங்கள் பையன்கள் ஒரே பருவத்தில் 188 ஹோம் ரன் அடித்தார்கள். நீங்கள் பன்ட் ஆடிக்கொண்டே இருங்கள்.

ஆஸ்டின்_பன்ட்:
அக்கா, அந்த 188-இல் பேட் அடித்தது எத்தனை, ஆள் அடித்தது எத்தனை? 2011-இல் பேட்டின் விசையைக் குறைக்கும் புதிய கட்டுப்பாடு வந்ததும் எல்லாருடைய வீரமும் தெரிந்துவிட்டதே. 2013 ஒமாஹா தொடர் முழுவதிலும் மூன்றே ஹோம் ரன். 2014-லும் மூன்று.

ஒமாஹாவாசி:
ஆஸ்டின் நண்பர் எனக்கு எதிராகப் பேசுவதாக நினைத்து எனக்கே சாட்சி சொல்லிவிட்டார். பாருங்கள், பேட் மாறியது, ஆட்டம் செத்தது. பிறகு 2015-இல் தையல் தாழ்ந்த, அதனால் இன்னும் தூரம் போகும் பந்தைக் கொண்டுவந்து மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியானால் பேட்தானே ஆட்டம்?

விளையாட்டுக்கு வருகிறேன். வெற்று உட்புறம் கொண்ட உலோகக் குழாய், பந்து படும்போது நெளிந்து மீளும், அந்த விசையைப் பந்துக்கே திருப்பிக் கொடுக்கும். மர பேட்டில் கைப்பிடிக்கு அருகே பட்டால் பேட் உடைந்து பந்து, அதை வீசிய பிட்ச்சரிடமே உருண்டு போகும். உலோகத்தில் அதே பந்து உள்வட்டத்தைத் தாண்டி விழுந்து ஒரு தளத்தைக் கொடுத்துவிடும். இந்த விளையாட்டில் பந்து வீசும்போது அந்தப் பயம் எனக்கு எப்போதும் இருந்தது. முந்தைய ஆண்டு உள்பக்கமாக வீசித் தப்பிய பந்து இங்கே தப்பாது.

அடுத்து, பேட் சுழற்றும் முறை. 2005-இல் பொத்தானை அழுத்தினால் போதும். 2006-இல் வலது ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து, எடையைப் பின்காலில் ஏற்றி, பந்து வரும் நேரம் பார்த்து முன்னால் தள்ள வேண்டும். சீக்கிரம் இழுத்தால் தடுமாறுவீர்கள், தாமதித்தால் பந்து பிடிப்பவரின் கையுறையில். முதல் வாரம் எல்லாரும் திட்டினார்கள். பழகிய பிறகு பொத்தானுக்குத் திரும்பியவன் எவனையும் நான் பார்க்கவில்லை. இதுவும் ஒலிக் கோப்பா?

பழையகன்சோல்:
எதைக் கேட்டாலும் ஒரு பத்தி இயற்பியல். உண்மையான உலோகக் குழாய் நெளியும். தட்டுக்குள் இருக்கும் பேட் நெளியுமா? பந்து வேகமாகப் போகும்படி நிரலை மாற்றினார்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் என்ன? “எனக்குப் பயம் இருந்தது.” அருமை. பேய்க்கும் அதே ஆதாரம்தான்.

ஸ்டிக் விஷயம்: அதே நிறுவனம் டைகர் வுட்ஸ் கோல்ஃப் விளையாட்டில் பல ஆண்டுகளாக விற்றுக்கொண்டிருந்த சரக்கு. பின்னால் இழு, முன்னால் தள்ளு. கோல்ஃப் மட்டையைப் பேஸ்பால்காரன் கையில் திணித்துவிட்டுப் புதுமை என்றார்கள். ஆக, 2005-இன் உடம்பு, கோல்ஃபின் கை, ஓர் ஒலிக் கோப்பு.

ஒமாஹாவாசி:
கோல்ஃபில் பந்து அசையாமல் புல்லில் கிடக்கும் ஐயா! மணிக்கு 90 மைலில் உங்களை நோக்கி வராது! இந்த முறை கோல்ஃபின் எச்சில் என்றால், 2011-இல் சோனியின் தி ஷோ பேஸ்பால் விளையாட்டில் பேட் சுழற்ற ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும் முறையை ஏன் கொண்டுவந்தார்கள்? அவர்களும் கோல்ஃப் பார்த்துக் கெட்டுப்போனவர்களா? ஐந்து ஆண்டு பின்னால் வந்தவனுக்குப் புதுமை என்று கைதட்டுவீர்கள், முன்னால் செய்தவனுக்குக் கோல்ஃப் என்பீர்கள்.

வழிப்போக்கன்:
பழையகன்சோல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த விளையாட்டு பிறந்ததே ஆசையில் அல்ல. 2005-இல் டேக்-டூ என்ற வீடியோ கேம் நிறுவனம் பெரிய லீக்குடன் ஒப்பந்தம் போட்டு, 2006 முதல் வெளித் தயாரிப்பாளர்களில் தனக்கு மட்டுமே உரிமை என்று வாங்கிவிட்டது. கன்சோல் செய்பவர்கள் தங்களுக்கென்று தயாரிக்கலாம், இ.ஏ.வுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. கையில் நல்ல பேஸ்பால் நிரல் இருக்கிறது, ஆட அணி இல்லை. அதனால் கல்லூரிப் பக்கம் ஓடினார்கள். வேறு போக்கிடம் இருந்திருந்தால் கல்லூரியைத் திரும்பிப் பார்த்திருப்பார்களா?

ஒமாஹாவாசி:
ஏன் பிறந்தது என்று யார் கேட்டது? எப்படி இருந்தது என்பதுதான் பேச்சு.

சட்டக்கட்டு:
பெயர் உரித்த விஷயத்தை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 2006-இல் வாண்டர்பில்ட்டில் டேவிட் பிரைஸ் வீசிக்கொண்டிருந்தார், வடக்கு கரோலினாவில் ஆண்ட்ரூ மில்லர், இருவரும் பின்னாளில் பெரிய லீக்கில் புகழ்பெற்றவர்கள். கல்லூரி வீரன் பணம் வாங்கக் கூடாது என்ற பழைய விதியால் எந்த விளையாட்டிலும் அவர்கள் பெயரை அச்சிட முடியாது. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து விளையாட்டுகளில் பெயர் இருக்காது, எண்ணும் உயரமும் எடையும் மட்டும் அச்சொட்டாகப் பொருந்தும். 2009-இல் முன்னாள் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் எட் ஓபானனும், நெப்ராஸ்காவுக்கு மாறி ஆடிய கால்பந்து வீரர் சாம் கெல்லரும் தனித்தனியாக வழக்குப் போட்டது இதற்காகத்தான். இ.ஏ.வும் உரிமம் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 4 கோடி டாலர் தர வேண்டியிருந்தது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2 கோடி. 2013-க்குப் பிறகு கல்லூரிக் கால்பந்து விளையாட்டே நின்றுபோய், 2024-இல்தான் வீரர்களுக்குத் தலா 600 டாலர் கொடுத்து, பெயரோடு திரும்பி வந்தது. நீங்கள் கொண்டாடும் ஈர்ப்பு, கூலி கொடுக்காமல் வாங்கிய உழைப்பு என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒமாஹாவாசி:
வழக்குகள் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும். இங்கே பேச்சு பேஸ்பால்.

பெயர் இல்லாததையும் குறையாக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய லீக் விளையாட்டில் நீங்கள் வாங்குவது ஏற்கெனவே முடிந்துபோன புகழ். மேனி ராமிரெஸ் யார் என்று எல்லாருக்கும் தெரியும், அவர் நன்றாக அடித்தால் யாருக்கு வியப்பு? கல்லூரி அணியில் எண் 14 என்று ஒருவன் வருகிறான். முதல் பருவத்தில் எதற்கும் உதவ மாட்டான். மூன்றாம் ஆண்டில் அவனை நம்பித்தான் அணியே நிற்கும். அப்போது போய்விடுவான். கல்லூரிப் பேஸ்பாலின் சாபமே அதுதான்: நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவன் மூன்றாம் ஆண்டை முடித்தாலோ 21 வயதானாலோ பெரிய லீக் அணிகள் ஆள் எடுக்கும் தேர்வுக்குத் தகுதி பெற்றுவிடுவான். ஆள் வருவதும் போவதுமாக இருக்கும் அணியை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும் டைனஸ்டி முறையில் எனக்குக் கிடைத்த நிறைவு, சம்பளக் கணக்குப் பார்க்கும் எந்த மேலாளர் விளையாட்டிலும் கிடைத்ததில்லை.

இன்னொன்று. வர்ணனை. மைக் பாட்ரிக், கைல் பீட்டர்சன். பீட்டர்சன் இந்த ஒமாஹா மண்ணில் வளர்ந்து, ஸ்டான்ஃபோர்டுக்காக வீசி, பெரிய லீக்குக்கும் போனவர். இந்த ஆட்டத்தை உள்ளிருந்து தெரிந்த குரல். இதையும் ஒலிக் கோப்பு என்பீர்கள்.

பழையகன்சோல்:
ஆம். வர்ணனை என்பது உண்மையிலேயே ஒலிக் கோப்புதான். இப்போது மொத்தம் இரண்டு.

ஆஸ்டின்_பன்ட்:
இதற்கு மட்டும் சிரித்துவிட்டேன்.

பேட்டன்ரூஜ்_அக்கா:
சிரிப்பீர்கள். பன்ட் ஆடுகிறவருக்குக் கொண்டாட வேறென்ன இருக்கிறது?

ஒமாஹாவாசி:
பழையகன்சோல், நீங்கள் யார் என்று இந்தத் தளத்துக்குத் தெரியும். சென்ற ஆண்டு கிரிக்கெட் விளையாட்டுகளைப் பற்றிய இழையில் “மட்டையில் பந்து படும் ஓசைதான் கிரிக்கெட் விளையாட்டின் உயிர்” என்று நீட்டி எழுதியவர் நீங்கள்தானே? கிரிக்கெட்டுக்கு ஓசை உயிர், பேஸ்பாலுக்கு ஓசை பூச்சு. எந்த ஊர் நியாயம் இது?

பழையகன்சோல்:
அந்த இழையில் நான் பேசியது வில்லோ மரத்தைப் பற்றி. அங்கே என்னைக் கோபக்காரன் என்று மட்டுறுத்துநரிடம் புகார் செய்தது யார் என்பதையும் சொல்லிவிடுங்கள், முழுக் கதையாக இருக்கட்டும்.

ஒமாஹாவாசி:
புகார் செய்தது நான் இல்லை. செய்தவருக்கு என் வாழ்த்துகள்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். இழையின் பொருளில் பேசவும்.

நிதானம்:
நான் மேலே கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வழிப்போக்கன்:
இவ்வளவு எதற்கு? தி ஷோ 25-இலேயே கல்லூரி வந்துவிட்டதே. உங்கள் வீரனை உருவாக்கி, உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி, எல்.எஸ்.யூ., டெக்சாஸ், வாண்டர்பில்ட், டென்னசி என்று எட்டுக் கல்லூரிகளில் ஒன்றில் சேரலாம். இருபதாண்டுப் பழைய தட்டுக்கு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறீர்கள்?

ஒமாஹாவாசி:
எட்டுக் கல்லூரி! என்.சி.ஏ.ஏ. தொடருக்கே 64 அணிகள் போகின்றன நண்பரே. அங்கே கல்லூரி என்பது பெரிய லீக்குக்குப் போகும் வழியில் ஒரு தேநீர்க் கடை. இறங்கிக் குடித்துவிட்டு ஏறிவிட வேண்டும். அணியை நடத்த முடியாது, ஆள் பிடிக்க முடியாது, ஞாயிறு ஆட்டத்துக்கு எவனை வீச வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள முடியாது.

அந்த ஞாயிறைப் பற்றி யாருமே எழுதவில்லை, ஆச்சரியம். கல்லூரிப் பேஸ்பாலின் நாடியே வார இறுதித் தொடர்தான். வெள்ளி, சனி, ஞாயிறு, ஒரே எதிரியோடு மூன்று ஆட்டம். வெள்ளிக்கிழமை உங்கள் சிறந்த பிட்ச்சர். சனிக்கிழமை அடுத்தவன். ஞாயிற்றுக்கிழமை மிச்சம் மீதி, கடவுள் விட்ட வழி. பெரிய லீக்கின் 162 ஆட்டத்தில் ஒன்று தோற்றால் சுண்டைக்காய். இங்கே ஐம்பத்துச் சொச்சம்தான், ஒரு ஞாயிறு சொதப்பினால் மே மாதக் கடைசியில் தொடருக்கு அழைப்பு வருமா என்று காத்துக் கிடக்க வேண்டும். அழைப்பு வந்தவன் கதை வேறு. 2008-இல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் தன் பிரிவின் நான்கு அணிகளில் கடைசித் தரவரிசையோடு நுழைந்து பட்டத்தையே தூக்கிக்கொண்டு போனது. இதையெல்லாம் எட்டுக் கல்லூரியை வைத்துச் செய்வீர்களா?

பேட்டன்ரூஜ்_அக்கா:
வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் என்றால் எங்கள் ஊரில் பிற்பகலே மைதானத்துக்கு வெளியே அடுப்பு மூட்டிவிடுவார்கள். டெக்சாஸ்காரர்களும் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். தோற்றுவிட்டு.

ஆஸ்டின்_பன்ட்:
சாப்பாட்டுக்கு வருகிறோம் அக்கா, உங்கள் பந்துவீச்சைப் பார்ப்பதற்கு அல்ல.

சட்டக்கட்டு:
ஆள் பிடிப்பது என்று எழுதியதால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஓர் அணிக்கு மொத்தம் 11.7 முழு உதவித்தொகைக்கு ஈடான பணம்தான். அதைத் துண்டு துண்டாக நறுக்கிப் பங்கிட வேண்டும். ஒருவனுக்குப் பாதி, ஒருவனுக்குக் கால். 2025-இல்தான் அந்த உச்சவரம்பு போய், அணிக்கு 34 பேர் என்ற கணக்கு வந்தது. நீங்கள் ரசித்து ரசித்துச் சேர்த்த எண் 14, நிஜத்தில் பாதிக் கட்டணத்தை வீட்டிலிருந்து கட்டியிருப்பான்.

ஒமாஹாவாசி:
கால்பந்து இழையில் எழுத வேண்டியதை இங்கே எழுதாதீர்கள்.

சட்டக்கட்டு:
11.7 என்பது பேஸ்பால் கணக்கு.

மட்டுறுத்துநர்:
எல்லாரும் சற்று அடங்கவும். இடையில் என் கருத்து: அந்தச் சத்தம் இயல்பாகவே இல்லை. நேரில் கேட்டால் அவ்வளவு கூர்மையாக இருக்காது.

ஒமாஹாவாசி:
மட்டுறுத்துநரே கட்சி சேர்ந்துவிட்டார். நன்று. நீங்கள் நேரில் கேட்டது 2011-க்குப் பிந்தைய பேட்டாக இருக்கும். அதன் ஓசையே மந்தம். ஒமாஹாவின் ரோசன்பிளாட் மைதானத்தில், 2010 வரை தொடர் நடந்த அந்தப் பழைய மேட்டில், விலங்குக் காட்சிச்சாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களிடம் வந்து சொல்லுங்கள்.

பழையகன்சோல்:
ஆக, விலங்குகளும் சாட்சி. இந்த இழை தொடங்கியதிலிருந்து நான் கேட்பது ஒரே கேள்வி. பந்தின் வேகத்தை மாற்றினார்களா, ஒலியை மட்டும் மாற்றினார்களா? 1998 வந்தது, 1996 வந்தது, கோல்ஃப் வந்தது, நீதிமன்றம் வந்தது, பேட்டன்ரூஜ் சமையல் வந்தது. பதில் வரவில்லை.

ஒமாஹாவாசி:
மாற்றினார்கள்.

பழையகன்சோல்:
ஆதாரம்?

ஒமாஹாவாசி:
விளையாடிப் பாருங்கள்.

பழையகன்சோல்:
விளையாடினேன். ஒலிக் கோப்பு.

ஒமாஹாவாசி:
அப்படியானால் 2005-ஐயும் 2006-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஒரே வகைப் பந்தை ஒரே இடத்தில் அடித்து, காணொளி எடுத்துப் போடுங்கள். தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டு ஆடுங்கள். அப்போது தெரியும்.

பழையகன்சோல்:
சொன்னது நீங்கள், மெய்ப்பிக்க வேண்டியது நானா? நல்ல சட்டம்.

சட்டக்கட்டு:
சட்டப்படி மெய்ப்பிக்கும் பொறுப்பு கூற்றை முன்வைத்தவருடையது. ஆனால் முதல் கூற்றை முன்வைத்தவர் பழையகன்சோல்.

பழையகன்சோல்:
உங்களை யாரும் கேட்கவில்லை.

ஆஸ்டின்_பன்ட்:
காணொளி எடுப்பவர்கள் பன்ட் ஆடியும் ஒன்று போடுங்கள்.

ஒமாஹாவாசி:
காணொளியை நானே எடுக்கிறேன். எக்ஸ்பாக்ஸ் பதிப்பிலா, பிளேஸ்டேஷன் பதிப்பிலா என்று இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். நான் எதில் எடுத்தாலும் “அந்தப் பதிப்பு செல்லாது” என்று வருவீர்கள், உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும்.

பழையகன்சோல்:
பிளேஸ்டேஷன் 2. ஒலியோடு எடுங்கள், அந்தக் கோப்பு எங்கே ஒலிக்கிறது என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும்.

ஒமாஹாவாசி:
ஒலியை அணைத்துத்தான் எடுப்பேன்.